முதல் மடக்குக்கு ஓடிவந்த டாக்டர்

செவ்வாய்க்கிழமை காலை தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் முட்டைக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பக்கத்து ஓட்டலுக்கு வந்த போனைப் பேசிவிட்டுத் திரும்பிய கடைக்காரர், "வேதாம்மா, நம்ம கோயி டாக்டரு பூட்டாராம்" என்றார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. வடசென்னையில் கோழி வளர்க்கிற எங்களுக்கு டாக்டர் என்றால் ஒருவர்தான். டாக்டர் சவரிமுத்து அவர்கள் முந்தின நாள் மாலை வேலை முடித்து ராயபுரத்து வீட்டுக்கு வந்திருக்கிறார். காபி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஓர் இடத்தில் உட்காராத மனிதர், உட்கார்ந்த ஒரு நாளில் இப்படிச் செய்துவிட்டாரே என்று.

கோழி வளர்ப்போர் சங்கத்தார் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்றார்கள். உருக்கமெல்லாம் எனக்கு வராது. அதோடு, அவரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பரபரப்புத்தான் வருகிறது. அவர் கொட்டகைக்குள் தலையை நீட்டினாலே இன்றைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று மனசு துள்ளும். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சரக்கு இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு வந்துவிட்டார். அப்போதுதான் திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு மேற்கே எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு கோழிக் கொட்டகை போட்டேன். ஓலைக் கூரை, உமி பரப்பிய தரை, குஞ்சுகளுக்குச் சூடு காட்ட பல்பு எரியும் தகரக் கூண்டு. உதவிக்கு எங்கள் தெருக் குப்பம்மாள் வந்தாள். கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். வாய் பெரிது, ஆனால் அவள் கை பட்ட இடத்தில் ஒரு தூசு இருக்காது. எங்கள் இரண்டு வீட்டிலும் அந்தக் கொட்டகையை நம்பித்தான் உலை வைத்தோம்.

முதலில் வந்த குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. பிறகு வெள்ளைக் கழிச்சல் வந்தது. பொரிப்பகத்திலிருந்து வந்த சில நாட்களிலேயே குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, பின்புறம் சுண்ணாம்பு அப்பியதுபோல் நிற்கும். மறுநாள் காலையில் உமியில் கிடக்கும். கடையில் விற்ற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். முதல் தடவை நன்றாகக் கேட்டது. அடுத்த தடவை அரைகுறையாகக் கேட்டது. அதற்கடுத்த தடவை அந்தக் கிருமி மருந்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. செத்த குஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

அங்கேதான் டாக்டரை முதலில் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது. டை கட்டியிருந்தார்; டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. குஞ்சைக் கீறி உள்ளே பார்த்தவர், "ஷோக்கா கீதே" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் பிழைப்பு செத்துக் கிடக்கிறது, உங்களுக்கு ஷோக்காக இருக்கிறதா என்று அந்தக் கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோயைச் சொல்லவில்லை அம்மா, அது விட்டுப்போன தடம் தெளிவாகத் தெரிகிறதே, அதைச் சொன்னேன் என்றார். கத்தியைக் கழுவி வைத்தார், கையைக் கழுவினார், என்னோடு பஸ் ஏறிக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

படித்த மனிதர் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர் ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத் தொழிலாளிகளின் பிள்ளைகளோடு பந்து உதைத்து வளர்ந்தவர். மேலதிகாரியிடம் இங்கிலீஷ் பேசுவார். மேடையேறினால் நல்ல தமிழ் பேசுவார். சந்தோஷம் வந்தால் மட்டும் மெட்ராஸ் பாஷை. அவருக்குச் சந்தோஷம் அடிக்கடி வரும்.

கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். குப்பம்மாளின் நாட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு சாக்கடை ஓரத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. இதுகளில் ஏதாவது செத்ததா என்று கேட்டார். பருந்து தூக்கிப்போனதைத் தவிர ஒன்றும் போகவில்லை என்றாள் குப்பம்மாள். நாங்கள் உமியை மாற்றி, தட்டைத் தேய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிற குஞ்சு சாகிறது. சாக்கடையில் மேய்கிற குஞ்சு குதிக்கிறது. டாக்டரின் கண் அகலமாகிவிட்டது. தெருவிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தார்.

"பாரிஸ் கார்னரு பஸ்சுல சீட்டு புடிக்க நம்ம இன்னா பண்றோம்? பஸ்சு நிக்கிறதுக்குள்ள சன்னல் வழியா துண்ட போட்டுடுறோம். அத்தாம்மா இங்கியும். ஆத்தாக்கோயி எச்சத்துல நல்ல கிருமி கீது. குஞ்சு அத்த கொத்திக்கினு திரியும்போது அது வயித்துல மொதல்ல துண்டு போட்டுடுது. அப்பால வர்ற கெட்டவனுக்கு குந்த எடமில்ல. உங்க குஞ்சு மெசின்ல பொறந்தது, ஆத்தாளயே பாக்கல. பஸ்சு காலியா வருது. மொதல்ல எவன் ஏறுறானோ அவன் குந்திக்கிறான்."

நல்ல கிருமி என்று ஒன்று உண்டா என்று கேட்டேன். அந்த நாளில் கிருமி என்றால் கொல்ல வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பாலைத் தயிராக்குவது யார் என்று திருப்பிக் கேட்டார். மருந்துப் பொடி பஸ்சில் இருக்கிற நல்லவன் கெட்டவன் எல்லாரையும் இறக்கிவிட்டுவிடுகிறது, பஸ் மறுபடி காலி, மறுபடி கெட்டவனே ஓடிவந்து ஏறுகிறான் என்றும் சொன்னார். வெளிநாட்டில் சிலர் இதே யோசனையில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாராம். நம் ஊரிலும் பார்த்துவிடுவோமே என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

முதலில் தயிர். அவர் மனைவி உறைய வைத்த தயிரைத் தூக்குச் சட்டியில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வருவார். இறங்கும்போது சட்டையில் பாதித் தயிர் இருக்கும். அடுத்து வந்த குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கரைத்து வைத்தோம். சாவு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நோய் விடவில்லை. எனக்கு மனசு விட்டுப்போனது. அவருக்கோ இன்னும் வேகம் வந்துவிட்டது. "மாட்டுப் பாலுல வளந்தவன் கோயி வயித்துல எத்தினி நாளு குந்துவான்? கோயி வயித்துலயே பொறந்து வளந்தவன் வேணும் நமக்கு" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு ஒரு வேடிக்கை பார்த்தது. டை கட்டிய டாக்டர் கையில் கண்ணாடிக் குப்பியோடு குப்பம்மாளின் கோழிக்குப் பின்னால் நடந்தார். கோழி நின்றால் நின்றார், ஓடினால் ஓடினார். நல்ல கிருமிகள் குடியிருக்கிற குருட்டுக்குடலிலிருந்து வருகிற பழுப்பு எச்சம்தான் அவருக்கு வேண்டும். அது எப்போது வரும் என்று கோழிக்குத்தான் தெரியும். ஆலைக்கு ஷிப்ட் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் குழாயடியில் காரியம் நடந்தது. டாக்டர் குனிந்து எடுத்துக் குப்பியை மூடி, "மாட்னாண்டா!" என்று தெருவைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். பெண்கள் சிரித்த சிரிப்பில் குழாயில் குடம் நிரம்பி வழிந்தது.

அதை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து, கெட்ட கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நல்ல கிருமிகளை இளஞ்சூட்டில் வளர்த்தார். வாடை ஊரைத் தூக்கும். இந்தக் கலீஜைக் குஞ்சு வாயில் ஊற்றுவதா என்று குப்பம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் வேறு வழி இல்லை. நாங்கள் இறங்கியிருந்த பள்ளம் அப்படி. இன்னும் ஒருமுறை குஞ்சுகள் போனால் கொட்டகையைப் பிரித்துவிடுவது, நானும் குப்பம்மாளும் காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கொட்டகைக்கு நடுவே மூங்கில் தட்டி வைத்து மறைத்தோம். ஒரு பக்கத்துக் குஞ்சுகளுக்கு அந்தக் கிருமிக் கலவை சேர்த்த தண்ணீர், மறு பக்கத்துக்கு வெறும் தண்ணீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செத்தன.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். உங்கள் சோதனைக்கு என் கொட்டகைதானா கிடைத்தது, கோழிக் கழிசலைக் கரைத்துக் கொடுத்து என் குடியைக் கெடுத்துவிட்டீர்கள், இனி இந்த ரயில் பாதையைத் தாண்டி வராதீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினார். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. போகும்போது, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கேட்டார். குப்பம்மாள் கொட்டகைப் பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். வாயில் வைத்தவர், விழுங்காமல் அப்படியே நின்றார். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இந்தத் தண்ணியவா குஞ்சுக்கு வச்சீங்க?"

குப்பம்மாள் நிமிர்ந்து நின்று சொன்னாள். "ஆமா டாக்டரு. ஊரெல்லாம் வாந்திபேதின்னு பேசிக்கினு கீறாங்க. வூட்டு வூட்டுக்கு பிளீச்சிங் பவுடரு குடுத்தாங்கோ, தண்ணில போடுன்னாங்கோ. குஞ்சும் உசுருதான? நான் ஒரு கை சேத்தே போட்டேன்."

டாக்டர் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கையில் கிடைத்ததை எடுத்து வீசலாமா என்று எனக்கு இருந்தது. "நம்ம ஆளு பஸ்சே ஏறல வேதாம்மா. ஸ்டாண்டுலயே வச்சி போட்டுத் தள்ளிட்டோம்" என்றார். கிருமியைக் கொல்லப் போட்ட பவுடர், நல்லவனா கெட்டவனா என்று விசாரித்துக் கொல்லுமா? அவர் பாடுபட்டு வளர்த்ததெல்லாம் பீப்பாய்த் தண்ணீரில் விழுந்த கணமே செத்திருக்கிறது. குஞ்சுகள் குடித்தது வெறும் வாடையைத்தான்.

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுந்து போய் அவள் எதிரில் நின்றார். உனக்குச் சொன்னதை நீ ஒழுங்காகச் செய்தாய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியவன் நான், படித்த மடையன் நான்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தோற்கவில்லை அம்மா, இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கவில்லை என்றார். கட்டிலில் படுத்திருந்த என் கணவர், இன்னொரு முறை குஞ்சு வாங்கு என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நோயிடம் தோற்றுக் கொட்டகையை மூடலாம். பிளீச்சிங் பவுடரிடம் தோற்று மூடுவதா?

ஆனால் நானும் ஒரு நிபந்தனை போட்டேன். இந்த முறை தட்டி கிடையாது, எல்லாக் குஞ்சுக்கும் கலவை வேண்டும். டாக்டர் கெஞ்சினார். எல்லாவற்றுக்கும் கொடுத்து எல்லாம் பிழைத்தால், கலவையால் பிழைத்ததா அதிர்ஷ்டத்தால் பிழைத்ததா என்று எப்படித் தெரியும், அடுத்த பண்ணைக்காரனிடம் நான் எந்த வாயால் சொல்வேன் என்றார். கடைசியில் ஒரே ஒரு கூடைக் குஞ்சுக்கு மட்டும் வெறும் தண்ணீர் என்று இறங்கி வந்தேன். அவர் அதற்கு ஒத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். குஞ்சு குடிக்கிற முதல் மடக்கிலேயே கலவை உள்ளே போய்விட வேண்டும். அதற்கு முன்னால் கொட்டகைத் தரையை அது கொத்தக்கூடாது.

குஞ்சுகள் வந்த நாள் கத்திரி வெயில். பேசின் பிரிட்ஜில் ரயிலிலிருந்து இறக்கிய பெட்டிகள் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தன. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தயாராக இருந்தது. டாக்டரைத்தான் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. எண்ணூர்ப் பக்கம் போகிற கூட்ஸ் ஒன்று சிக்னல் கிடைக்காமல் நடுவில் நிற்கிறது. இந்தக் கோடி தெரிகிறது, அந்தக் கோடி தெரியவில்லை. இங்கே குஞ்சுகள் பெட்டிக்குள் தொண்டை கிழியக் கத்துகின்றன. தாகத்துலயே செத்துடுமேம்மா, வெறும் தண்ணியாவது காட்டுங்க என்று குப்பம்மாள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். கொடுத்தால் முதல் மடக்கு போச்சு. கொடுக்காவிட்டால் குஞ்சே போச்சு. என் வாழ்க்கையில் அப்படித் தவித்ததில்லை. தட்டைக் கையில் தூக்கிவிட்டேன், கீழே வைத்துவிட்டேன், மறுபடி தூக்கினேன்.

அப்போது கேட் பக்கம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த வண்டிக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, டாக்டர் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார்! அக்குளில் கலவை இருந்த பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நின்றவர்கள் அய்யோ அய்யோ என்று கத்த, அந்தப் பக்கம் கேட்காரர் திட்ட, அவர் வெளியே வந்து எழுந்த கொஞ்ச நேரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. எனக்கு உயிரே இல்லை. அவர் முகமெல்லாம் கிரீஸ், டை கிழிந்திருந்தது. "குடிக்கலயே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் ஓடினோம்.

கலவையைத் தண்ணீரில் ஊற்றி, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை நனைத்து விட்டோம். என் கணவர்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிக் குஞ்சை விட்ட பிறகுதான் டாக்டரைத் திட்ட எனக்கு ஞாபகம் வந்தது. வண்டி நகர்ந்திருந்தால் உங்கள் மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். வண்டிக்கு சிக்னல் விழவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் நுழைந்தேன் என்றார். விழுந்துவிட்டதே என்றேன். அது அப்புறம்தானே என்றார்.

அதன் பிறகு தினமும் வந்தார். வந்து உமியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். தனியாக வைத்த கூடையில் குஞ்சுகள் கண்ணை மூட ஆரம்பித்தன, இறக்கை தொங்கியது, வெள்ளைக் கழிச்சல் வந்தது. நோய் கொட்டகைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தது. மற்றக் குஞ்சுகளை நாங்கள் பயந்து பயந்து பார்த்தோம். அங்கொன்று இங்கொன்று போனது, அதை மறைக்க மாட்டேன். மற்றவை தீனித் தட்டில் ஏறி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றன. அந்த வாரமும் தின்றன, அடுத்த வாரமும் தின்றன. ஒரு காலை டாக்டர் கொட்டகை நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் குஞ்சுகள் எல்லாம் மூலைக்கு ஓடின.

"பஸ்சு ஃபுல்லு வேதாம்மா! படா ஃபுல்லு!"

குப்பம்மாள் குலவை போட்டாள். நான் கத்தினேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கூடையில் செத்த குஞ்சுகளைப் புதைக்கும்போது டாக்டர் யாரையும் விடவில்லை. தானே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவர் பிளாஸ்க்கோடு போகாத பண்ணை இந்தப் பக்கத்தில் இல்லை. எண்ணூர், கத்திவாக்கம், மணலி என்று அலைந்தார். எங்கே போனாலும் குஞ்சைப் பார்க்குமுன் தண்ணீரை மோந்து பார்ப்பார். இது நோய் வந்த குஞ்சைக் குணமாக்காது, வராமல் காக்கும், அதுவும் எல்லா நோயையும் அல்ல என்று எல்லாரிடமும் சொல்வார். கூட்டிச் சொன்னால்தானே நம்புவார்கள் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். மருந்து வேண்டாம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "மருந்து கடைசியா வரட்டும். மொதல்லயே வந்து குந்திக்க வேணாம்" என்பார். என் கொட்டகை மூன்று கொட்டகை ஆனது. குப்பம்மாள் சொந்தமாக ஒன்று போட்டாள். இறால் உரிக்க நாங்கள் போகவில்லை.

புதன்கிழமை மாலை ராயபுரம் மாதா கோவிலில் பூசை, பிறகு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் குப்பம்மாளும் மாலை வாங்கி வைத்து, சேலை மாற்றிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு எனக்குக் குஞ்சு வருகிற நாள். காலையில் வர வேண்டிய ரயில் தாமதமாகி, நாங்கள் படியிறங்குகிற நேரத்தில் பெட்டிகள் வந்து இறங்கின. பின்னாலேயே ஆய்வுக்கூடத்து ஊழியர் சைக்கிளில் வந்தார். சாவு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். திங்கட்கிழமை டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது, இது திருவொற்றியூருக்கு என்று சொல்லித் தன் கையால் சூட்டில் வைத்துவிட்டுப் போன கலவையாம்.

போய்விட்டு வந்து வைக்கலாமே அம்மா என்றாள் குப்பம்மாள். பெட்டிக்குள் குஞ்சுகள் கத்தின. மாலையை அந்த ஊழியரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். பிளாஸ்க்கைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. அவர் வளர்த்தது இன்னும் உயிரோடு இருந்தது. தண்ணீரில் கலந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலகை நனைத்தேன். அங்கே அந்நேரம் மண் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே குஞ்சுகள் ஒரு மடக்குக் குடித்து, விழுங்குவதற்காகத் தலையை மேலே தூக்கின. கொட்டகை முழுவதும், ஒன்றன்பின் ஒன்றாக, தலையை மேலே தூக்கின.

எல்லாம் குடித்துவிட்டன டாக்டர். ஒன்றுகூட விடவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள்.